வரைபடத்திலே ஒட்டுக் குறிகள்

வீட்டு வாயிலுக்கு ஓர் இரும்புப் படலை செய்விக்க விரும்புபவர் பட்டறைக்குச் சென்றால், அங்கே வரைபடம் எதுவும் எழுதப்படுவதில்லை. பட்டறைக்காரர் நிலத்திலே வெண்கட்டியால் நான்கு கோடுகள் இழுக்கிறார். அகலம் இவ்வளவு, உயரம் இவ்வளவு, நடுவிலே கம்பிகள் இத்தனை என்று பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த மூலையில் எவ்வளவு ஒட்டு வைப்பது, உட்புறத்தில் மட்டும் வைப்பதா இருபுறமும் வைப்பதா என்பனவற்றை எவரும் கேட்பதுமில்லை, எழுதுவதுமில்லை. அளவு தீர்மானித்தவரும் அவரே, கைப்பிடியைப் பிடித்து ஒட்டுபவரும் அவரே. தம் தலையில் உள்ளதைத் தம் கைக்குச் சொல்ல அவருக்குக் குறி எதுவும் வேண்டியதில்லை.

இவ்விருவரும் வேறு வேறு ஆட்களாகும்போதுதான் தொல்லை தொடங்குகின்றது. ஓர் எண்ணெய்த் தாங்கியையோ கப்பலின் அடிப்பகுதியையோ கணக்கிடும் பொறியியலாளர் ஒரு நாட்டில் இருக்கிறார். அதை வரையும் படவரைஞர் வேறோர் இடத்தில் இருக்கிறார். ஒட்டுபவரோ கடல் கடந்த மூன்றாவது நாட்டில், முகமூடியைத் தூக்கிவிட்டுப் படத்தை வெயிலிலே பிடித்துப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இவர்கள் ஒருவரையொருவர் ஒருநாளும் காண்பதில்லை. இவர்களுக்குப் பொதுவான பேச்சுமொழியும் பெரும்பாலும் இருப்பதில்லை. ஒவ்வொரு மூட்டுக்கும் செய்யவேண்டியதைச் சொல்லால் எழுதுவதென்றால் தாளிலே இடம் போதாது. எழுதினாலும் எல்லோரும் படித்து விளங்கிக்கொள்ளப் போவதில்லை. ஆகவேதான் ஒரு கோடு, ஓர் அம்பு, ஒரு முக்கோணம், இரண்டு இலக்கங்கள் என்ற அளவிலே அடங்கும் ஒரு குறிமொழி எழுந்தது. இலங்கையிலிருந்து வளைகுடா நாடுகளுக்குத் தொழில் தேடிச் செல்லும் இளைஞர்களும், கொழும்புத் துறைமுகத்திலே பிறநாட்டாருக்காகக் கட்டப்படும் கப்பல்களில் வேலை செய்வோரும் முதன்முதலில் எதிர்ப்படும் புதிய எழுத்து இதுவே. கைத்திறன் நிறைந்த பலர் தயங்கி நிற்கும் இடமும் இதுவே.

பட்டறைகளில் வெல்டிங் என்று வழங்கும் இத்தொழிலைப் பொற்கொல்லரின் பற்றவைத்தலோடு ஒன்றாக எண்ணிவிடலாகாது. பொற்கொல்லர் வைக்கும் பற்றாசு நகையைவிட எளிதில் உருகும் வேறொரு கலவையாகும். அது உருகி இரண்டு துண்டுகளையும் பற்றிக்கொள்கிறது, துண்டுகள் உருகுவதில்லை. வெல்டிங்கிலோ இரண்டு துண்டுகளின் விளிம்புகளும் உருகி, கம்பியிலிருந்து வரும் உலோகத்தோடு கலந்து, ஆறி, ஒரே உடலாகின்றன. இவ்வாறு உருகி ஆறிய பகுதியையே இப்பேச்சு ஒட்டு என்று குறிக்கின்றது.

ஒட்டு வருவதற்கு முன்னர் கப்பல்களும் பாலங்களும் தறையாணிகளால் இணைக்கப்பட்டன. தறையாணிக்குப் பெரிய குறிமொழி தேவைப்படவில்லை. ஓர் ஆணிக்குப் படத்திலே ஒரு புள்ளி. புள்ளிகளை எண்ணி, இடைவெளியை அளந்து, ஆணியின் பருமனை ஓர் ஓரத்திலே எழுதிவிட்டால் வேலை முடிந்தது. கட்டி முடித்த பின்னரும் ஆணித் தலைகளை எவரும் எண்ணிச் சரிபார்க்கலாம். 1920ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்க்கன்ஹெட்டிலே ‘புல்லகர்’ என்னும் கப்பல் ஒரு தறையாணியும் இன்றி முழுவதும் ஒட்டினாலேயே கட்டப்பட்டது. அவ்வகையில் கடலோடிய முதற்கப்பல் அதுவே. பின் வந்த ஆண்டுகளில் ஒட்டு பரவிய அளவுக்கு அதைத் தாளில் எழுதும் முறையும் திருத்தமாகவேண்டியிருந்தது. ஏனெனில் ஒட்டு என்பது வெளியே ஒரு வரம்பாகத் தெரியுமே தவிர, அது எவ்வளவு ஆழம் சென்றது, உள்ளே எவ்வடிவில் நிற்கிறது என்பனவற்றை மேற்பார்வையால் சொல்ல முடியாது. உள்ளே இருக்கவேண்டியதை முன்கூட்டியே சொல்லிவைப்பது படத்தின் கடமையாயிற்று.

தாளும் எழுதுகோலும் அருகில் வைத்திருக்கும் நேயர்கள் இப்போது ஒரு கிடைக்கோடு இழுத்துக்கொள்ளலாம். இரண்டு அங்குல நீளம் போதும். அதன் ஒரு நுனியிலிருந்து சரிவாக ஓர் அம்பை இறக்கி, அம்பின் முனை மூட்டைத் தொடும்படி விடவேண்டும். மறுநுனியிலே மீனின் வாலைப்போல இரண்டு சிறு கோடுகள் பிரியலாம். சொல்லவேண்டிய செய்தி வேறு இல்லையெனில் வால் வேண்டியதில்லை. இக்கிடைக்கோட்டுக்குக் குறிப்புக்கோடு என்று பெயர். இதன் மேலும் கீழும் இடமும் வலமும் என்னென்ன அமர்கின்றன என்பதே முழு இலக்கணமும் ஆகும். இம்மொழியிலே எழுத்து மட்டுமன்றி, எழுத்து அமரும் இடமும் பொருள் தருகிறது.

முதலிலே மேலும் கீழும் என்ற வேறுபாட்டைப் பார்க்கலாம். ஒரு தகட்டின் மேல் இன்னொரு தகடு செங்குத்தாக நிற்கிறது என்று கொள்வோம். அவை கூடும் மூலை இரண்டு பக்கங்களிலும் இருக்கிறது. அம்பின் முனை இப்பக்கத்து மூலையைத் தொடுகிறது. ஒட்டு இப்பக்கத்திலா, மறுபக்கத்திலா? அமெரிக்க முறைப்படி, குறி கோட்டின் கீழே இருந்தால் அம்பு தொடும் பக்கம். மேலே இருந்தால் அதன் மறுபக்கம். இரண்டிலும் இருந்தால் இருபுறமும். பழைய நாட்களில் அண்மைப் பக்கம், சேய்மைப் பக்கம் என்று வழங்கி வந்தனர். ஆனால் அண்மை என்பது பார்ப்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. அதே மூட்டு முன்தோற்றப் படத்தில் அண்மையாகவும் பின்தோற்றப் படத்தில் சேய்மையாகவும் மாறிவிடும். அம்பை அளவாகக் கொண்டபின் அக்குழப்பம் தீர்ந்தது. பார்ப்பவர் எங்கு நின்றாலும் அம்பு தொடும் இடம் மாறாது அன்றோ!

ஐரோப்பாவிலே பரவிய முறை வேறு. அங்கே குறிப்புக்கோட்டுக்கு இணையாக, விட்டுவிட்டு வரையும் ஒரு துண்டுக்கோடும் இழுப்பர். குறி முழுக்கோட்டிலே அமர்ந்தால் அம்பு தொடும் பக்கம். துண்டுக்கோட்டிலே அமர்ந்தால் மறுபக்கம். துண்டுக்கோடு மேலே வரலாம், கீழேயும் வரலாம். ஆகவே மேலா கீழா என்பதற்கு அங்கே பொருளில்லை. அமெரிக்க முறையை மட்டும் பழகியவர் கீழே துண்டுக்கோட்டில் தொங்கும் முக்கோணத்தைக் கண்டவுடன், பழக்கத்தால் அம்பு தொடும் பக்கமென்று கொண்டு ஒட்டிவிடுவார். படமோ மறுபக்கத்தைச் சொல்லியிருக்கும். சர்வதேச நியமங்கள் நிறுவனத்தின் 2553ஆம் இலக்க நியமம் 2013இல் திருத்தப்பட்டபோது, இவ்விரண்டு முறைகளையும் ‘ஏ’ முறை, ‘பி’ முறை என்று அருகருகே ஏற்றுக்கொண்டது. இதை ஒற்றுமை என்பதைவிடச் சமரசம் என்பதே பொருந்தும். படிப்பவர் எந்த முறையிற் படிக்கிறார் என்று அறியும் பொறுப்பு அவர்மீதே விழுந்தது.

பக்கம் மாறினால் என்ன கேடு, ஒட்டு ஒட்டுதானே என்று சிலர் எண்ணலாம். ஒருபுறம் மட்டும் ஒட்டப்பட்ட நிற்கும் தகட்டை எந்தப் புறமாகத் தள்ளினாலும் ஒரே வலிமை இருப்பதில்லை. ஒட்டு இருக்கும் பக்கமாகத் தகட்டைச் சாய்த்தால், ஒட்டின் அடிவேர் வாய் திறந்ததுபோல விரிய முற்படும். அங்கே ஒட்டு மிக எளிதில் முறியும். தொழில் பயில்வோரின் சோதனைத் துண்டுகளை ஆசிரியர்கள் அந்தப் பக்கமாகவே சுத்தியலால் அடித்து உடைத்துப் பார்க்கின்றனர், உள்ளே குறையுண்டா என்று காண்பதற்கு அதுவே எளிய வழியாதலின். பொறியியலாளர் விசை வரும் திசையை எண்ணி ஒரு பக்கத்தைத் தெரிந்தெடுத்திருக்க, ஒட்டுநர் மறுபக்கத்தில் வைத்துவிட்டால், சோதனைச் சுத்தியல் செய்த வேலையைக் காற்றும் அலையும் செய்யத் தொடங்கும்.

இனி அந்த முக்கோணத்துக்கு வருவோம். ஒட்டுக் குறிகளில் மிகுதியாக வருவது இதுவே. இரண்டு தகடுகள் கூடும் மூலையை நிரப்பும் ஒட்டுக்கு மூலை ஒட்டு என்றும், பட்டறை வழக்கில் பிலெற் என்றும் பெயர். அதை வெட்டிப் பார்த்தால் செங்கோண முக்கோணமாகத் தெரியும். அந்த வடிவமே குறியாயிற்று. குறியிலே நிமிர்ந்த கோடு எப்போதும் இடப்பக்கம் இருக்கும். மூட்டு எப்படித் திரும்பி இருந்தாலும் குறி திரும்பாது. இது படம் அன்று, எழுத்து என்பதை இதனாலேயே அறியலாம். முக்கோணத்தின் இடப்பக்கத்து இலக்கம் ஒட்டின் பருமன். வலப்பக்கத்து இலக்கம் அதன் நீளம். நீளம் எழுதப்படாவிட்டால் மூட்டு முழுவதும் ஒட்டவேண்டும் என்பது பொருள்.

பருமன் 6 மில்லிமீற்றர் என்று எழுதியிருக்கிறது. எதன் 6 மில்லிமீற்றர்? அனுபவமுள்ளவர்களும் சறுக்குவது இந்த இடத்திலேதான். ஆதலின் இங்கே சற்று நிற்பது தகும்.

அந்த முக்கோணத்துக்கு இரண்டு கால்கள் உண்டு. ஒன்று நிற்கும் தகட்டில் ஏறுகிறது, மற்றது படுத்திருக்கும் தகட்டில் நீள்கிறது. காலின் நீளத்தை அளவாகக் கொள்ளலாம். அன்றி, உள்மூலையிலிருந்து சரிந்த முகத்துக்குள்ள மிகக் குறுகிய தூரத்தையும் அளவாகக் கொள்ளலாம். இத்தூரத்துக்குத் தொண்டை என்று பெயர். அமெரிக்காவிலே காலை அளவாகக் கொள்வர். ஜெர்மனியிலே தொண்டையைக் கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. இரு சாராரிடமும் நியாயம் இருக்கிறது. சுமையைத் தாங்குவதும், முறிந்தால் முறிவதும் தொண்டையிலே ஆதலின், கணக்குப் போடும் பொறியியலாளருக்குத் தொண்டையே வேண்டும். பட்டறையிலே அளவுத் தகட்டை வைத்துப் பார்ப்பவருக்கோ கால்தான் எளிதிலே கிடைக்கிறது.

இரண்டு கால்களும் சமமாயின், தொண்டை காலின் பத்திலே ஏழு பங்கு என்று கொள்ளலாம். கால் 6 மில்லிமீற்றர் ஆனால் தொண்டை ஏறக்குறைய 4.2 மில்லிமீற்றர். தொண்டை 6 மில்லிமீற்றர் வேண்டுமாயின் கால் ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர் வைக்கவேண்டும். தொண்டையைக் கருதி எழுதிய 6ஐக் கால் என்று படித்த ஒட்டுநர், தாங்கவேண்டிய தொண்டையில் பத்திலே மூன்று பங்கை விட்டுவிடுகிறார். அவர் இடும் உலோகமோ வேண்டியதிற் பாதிதான். 6 மில்லிமீற்றர்க் காலுள்ள முக்கோணத்தின் பரப்பு 18 சதுர மில்லிமீற்றர், 8.5 மில்லிமீற்றர்க் காலுள்ளதன் பரப்பு 36 என்று கணக்கிட்டால் இது விளங்கும். பார்வைக்கு அந்த ஒட்டு அழகாக இருக்கும். அளவுத் தகட்டை வைத்துப் பார்த்தால் சரியாக 6 காட்டும். மேற்பார்வையாளரும் அதே தவறான படிப்பையே படித்திருந்தால் அவரும் ஒப்பமிட்டுவிடுவார். தவறு நடந்ததற்கு ஓர் அடையாளமும் வெளியே இராது.

சர்வதேச நியமம் இதற்கு ஒரு மருந்து கண்டிருக்கிறது. இலக்கத்தின் முன்னே ஓர் ஆங்கில எழுத்து: தொண்டையாயின் ‘ஏ’, காலாயின் ‘இசெட்’. ‘ஏ6’ என்றும் ‘இசெட்6’ என்றும் எழுதினால் மயக்கமில்லை. எழுத்தின்றி வெறும் 6 மாத்திரம் நிற்கும் படத்தைக் கையிலெடுக்கும் ஒட்டுநர், படத்தின் கீழ்மூலையிலுள்ள பெயர்க்கட்டத்திலே எந்த நாட்டு நியமம் பின்பற்றப்பட்டது என்று பார்க்கவேண்டும். அங்கும் இல்லையாயின், கேட்காமல் மின்வில்லை மூட்டுவது பொறுப்பற்ற செயல். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர் கேட்கக் கூச்சப்படுவது இயல்பே. ஆனால் இக்கேள்வி அறியாமையைக் காட்டும் கேள்வி அன்று. இதைக் கேட்பவரைக் கண்டால் அனுபவமுள்ள மேற்பார்வையாளர் மகிழ்வார்.

சந்தேகம் வந்தால் பெரிதாக வைத்துவிட்டால் தீர்ந்தது என்று சொல்பவர்களும் உளர். படலை செய்பவரைக் கேட்டால் அதன் விளைவைச் சொல்வார். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது தகட்டைத் தன் பக்கமாக இழுக்கும். அளவுக்கு மிஞ்சிய ஒட்டு சட்டத்தை முறுக்கிவிடும். படலையில் அது கொண்டி பூட்டாத தொல்லையோடு போய்விடுகிறது. கப்பலின் தகட்டிலோ வளைவாகவும் உள்ளே அடைபட்ட இழுவிசையாகவும் தங்கிவிடுகிறது. காலை இருமடங்காக்கினால் உலோகம் நான்கு மடங்காகிறது; கம்பியின் செலவும் வெப்பமும் அவ்வாறே கூடுகின்றன. கூடுதல் எப்போதும் பாதுகாப்பென்பது இத்தொழிலில் பொய்.

இதுபோன்ற இன்னொரு பொறி நீளத்திலே இருக்கிறது. மெல்லிய தகடுகளை முழுநீளமும் ஒட்டாமல், இடைவிட்டு ஒட்டுவது வழக்கம். 50 மில்லிமீற்றர் ஒட்டு, பின் சிறிது வெற்றிடம், மீண்டும் 50 என்று போகும். அமெரிக்க முறையிலே வலப்பக்கத்தில் 50, ஒரு சிறுகோடு, 150 என்றிருந்தால், 150 என்பது ஓர் ஒட்டின் நடுவிலிருந்து அடுத்த ஒட்டின் நடுவரை உள்ள தூரம். ஆகவே வெற்றிடம் 100. ஐரோப்பியப் படத்தில் 150 என்ற இலக்கம் அடைப்புக்குள் வந்தால், அது வெற்றிடத்தின் அளவையே குறிக்கும். 3 மீற்றர் நீளமுள்ள மூட்டிலே முதல்முறைப்படி ஏறக்குறைய 20 ஒட்டுகள் வரும். இரண்டாம் முறைப்படி 15தான் வரும். ஓர் அடைப்புக்குறியைக் கவனியாததனால் ஒட்டிலே நாலில் ஒரு பங்கு மறைந்துபோகலாம்.

முட்டு ஒட்டுகள் இவ்வளவு வஞ்சகமானவை அல்ல. இரண்டு தகடுகளின் விளிம்புகளை முட்ட வைத்து ஒட்டும்போது, இரண்டு விளிம்புகளையும் சரித்து வெட்டினால் ஆங்கில ‘வீ’ எழுத்தைப்போலப் பள்ளம் உண்டாகும், குறியும் அதுவே. ஒரு விளிம்பை மட்டும் சரிப்பதாயின் குறியின் ஒரு கோடு நிமிர்ந்து நிற்கும், மற்றது சாயும். எந்த விளிம்பைச் சரிப்பது என்பதற்கு அம்பைப் பார்க்கவேண்டும். அம்பு எந்தத் தகட்டைச் சுட்டுகிறதோ அதையே வெட்டவேண்டும். அமெரிக்க முறையில் அம்பு அத்தகட்டை நோக்கி ஒடிந்து திரும்பும். தவறான தகட்டை வெட்டிவிட்டால் ஒட்டு வைப்பதற்கு முன்னரே தெரிந்துவிடும். நட்டம் பணத்தோடு நின்றுவிடுகிறது.

அம்பும் கோடும் சேரும் முழங்கையிலே ஒரு சிறு வட்டம் இருந்தால், மூட்டைச் சுற்றி முழுவதும் ஒட்டவேண்டும். அதே இடத்தில் ஒரு சிறு கொடி பறந்தால், அந்த ஒட்டைப் பட்டறையில் வைக்கலாகாது. கட்டுமானம் எழும் களத்திலேயே வைக்கவேண்டும். கொடியைக் கவனியாமல் பட்டறையிலேயே ஒட்டி முடித்த பெருந்துண்டு லொறியிலே ஏறாமல் நின்ற கதைகள் இத்தொழிலில் நகைச்சுவையாக வழங்குகின்றன. முக்கோணத்தின் சரிந்த முகத்தின்மேல் ஒரு நேர்கோடோ வளைகோடோ வந்தால், அது முகம் தட்டையாக, குவிந்து அல்லது குழிந்து இருக்கவேண்டும் என்பதைக் குறிக்கும். வாலுக்குள்ளே ஒட்டும் முறையை எழுதுவர். சர்வதேச வழக்கில் 111 என்றால் கையாற் பிடித்து ஒட்டும் மேற்பூச்சுக் கம்பி மின்வில், 135 என்றால் வாயுத் திரையினுள் இடையறாது வரும் கம்பி, 141 என்றால் தங்ஸ்தன் முனை. அமெரிக்கர் இலக்கத்துக்குப் பதிலாக எழுத்துச் சுருக்கங்களை எழுதுவர்.

இத்தனையும் கற்றபின்னும் குறி சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஏணியின் கைப்பிடியை ஒட்டுவதற்கும், நூறு பேர் உறங்கும் மேடையைத் தாங்கும் தூணை ஒட்டுவதற்கும் அதே முக்கோணந்தான். எது உயிரைத் தாங்கும் ஒட்டு என்பது முக்கோணத்தின் வடிவிலே இல்லை. அதை வாலிலோ குறிப்பிலோ வேறாக எழுதவேண்டும். எழுதுபவர் அதை முதலிலே உணர்ந்திருக்கவும் வேண்டும். வட கடலிலே 1980ஆம் ஆண்டில் நடந்தது இதற்கு ஒரு கொடிய சான்று.

‘அலெக்சாண்டர் எல். கீலண்ட்’ என்பது நோர்வேயின் எண்ணெய் வயலில் மிதந்த ஒரு மேடை. பிரான்சின் டன்கேர்க் நகரிலே கட்டப்பட்டு 1976இல் ஒப்படைக்கப்பட்டது. எண்ணெய் எடுக்கும் தொழிலாளர் தங்குவதற்கான விடுதியாக அது பயன்பட்டது. ஐந்து பருத்த தூண்கள் கடலிலே மிதந்து அதைத் தாங்கின. தூண்களைப் பெருங்குழாய்கள் ஒன்றோடொன்று பிணைத்தன. அக்குழாய்களுள் ஒன்றிலே, கடலின் அடியிலிருந்து வரும் ஒலியைக் கேட்கும் ஒரு கருவியைப் பொருத்துவதற்காகத் துளையிட்டு, ஒரு சிறு குழாய்த் துண்டை நுழைத்து, சுற்றிலும் 6 மில்லிமீற்றர் அளவான மூலை ஒட்டு வைத்தனர். அது கட்டுமானத்தின் உறுப்பாக எண்ணப்படவில்லை. மேடையின் வலிமைக் கணக்கிலே அதற்கு இடமிருக்கவில்லை. விளக்கு மாட்டும் கொக்கியைப்போல, பின்னர் சேர்த்த ஒரு பொருத்துப்பொருள் என்ற அளவிலேயே அது கருதப்பட்டது.

ஆனால் இரும்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. பெருங்குழாயிலே ஓடிய விசை அத்துளையைச் சுற்றி வளைந்து, அந்தச் சிறு ஒட்டின் வழியாகவும் ஓடியது. ஒட்டும் செம்மையாக அமையவில்லை. அலை ஒவ்வொன்றும் குழாயைச் சிறிது இழுத்துச் சிறிது அமுக்கியது. ஒட்டிலிருந்த வெடிப்பு பெருங்குழாயின் சுவருக்குள் புகுந்து, அலைக்கு அலை நீண்டு, குழாயைச் சுற்றி வளர்ந்தது.

1980ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் திகதி மாலை, வேலை முடித்தவர்கள் உணவறையிலும் படக்காட்சி அறையிலும் இருந்த நேரத்திலே, அக்குழாய் அறுந்தது. அதன் சுமை மற்றக் குழாய்களிலே ஏற, அவையும் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்தன. ஒரு தூண் முழுவதும் பிரிந்து போயிற்று. மேடை உடனே ஒருபுறம் சாய்ந்தது. ஏறக்குறைய 20 நிமிடங்களில் தலைகீழாகக் கவிழ்ந்தது. மேடையிலிருந்த 212 பேரில் 123 பேர் மாண்டனர்.

ஆராய்ந்தவர்கள் முறிந்த முகத்தைக் கழுவிப் பார்த்தபோது, அந்தச் சிறு ஒட்டின் வெடிப்புக்குள்ளே வண்ணப்பூச்சு ஒட்டியிருக்கக் கண்டனர். மேடைக்குப் பூச்சுப் பூசியது கட்டும் தளத்திலே. ஆகவே மேடை கடலுக்குச் செல்லும் முன்னரே, எவரும் பெரிதாக எண்ணாத அந்த ஒட்டிலே வெடிப்பு இருந்திருக்கிறது. பூசியவரின் தூரிகை அதன் மேலேயே சென்றிருக்கிறது.

கவிழ்ந்த மேடை 1983இல் நிமிர்த்தப்பட்டு, உள்ளே தேடுதல் முடிந்தபின் அவ்வாண்டிலேயே நோர்வேயின் ஆழமான கடற்கால் ஒன்றிலே அமிழ்த்தப்பட்டது. முறிந்த குழாயின் ஒரு பகுதியை மட்டும் ஸ்ரவாங்கர் நகரத்து எண்ணெய்த் தொழில் அருங்காட்சியகத்திலே வைத்திருக்கின்றனர்.